தெருவையும் தூக்கி நிறுத்தும் கடை: கறுப்பினப் பெண்கள் காட்டிய வழி

வீட்டிலிருந்தே தொழில் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். தொடங்கிய தொழிலை வைத்தே சுற்றியுள்ள நாலு தெருவையும் தூக்கி நிறுத்துவது எப்படி என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள். கடன் கிடைக்காத, கடைவீதியில் இடம் கிடைக்காத, ஓட்டுப் போடவே விடாத காலம் அது. துணி துவைத்த காசிலும் கேக் விற்ற காசிலும் அவர்கள் வங்கி, பத்திரிகை, எழுத்தறிவு வகுப்பு, பஸ் புறக்கணிப்புக்குப் பெட்ரோல் என்று ஒவ்வொன்றாக ஏற்படுத்திக்கொண்டார்கள்.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகளிர் குழுக்களின் கணக்குகளோடுதான் பாதிச் சர்வீஸ் போனது. மகள் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரில் இருப்பதால் அங்கே போய்த் தங்குவேன். அந்த ஊரில் ஜாக்சன் வார்டு என்ற பழைய கறுப்பர் குடியிருப்பில், ஈஸ்ட் லீ தெருவில், மேகி லீனா வாக்கர் வாழ்ந்த செங்கல் வீட்டைத் தேசியப் பூங்காத் துறை நினைவிடமாகப் பராமரிக்கிறது. அமெரிக்காவில் ஒரு வங்கியைத் தொடங்கி அதன் தலைவராகவும் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அந்த வீட்டைப் பார்த்த பிறகு அவரைப் பற்றியும் அவரைப் போன்ற மற்றப் பெண்களைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் தைரியம், தியாகம் என்று எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் வங்கிக்காரியான என் கண்ணில் பட்டது அவர்கள் செய்த ஏற்பாடு. காசு யாரிடமிருந்து வரும், எதில் எழுதப்படும், யார் எண்ணுவார், யாருக்குத் திரும்பிப் போகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். தைரியத்தைக் கற்றுத்தர எனக்குத் தெரியாது. ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ளலாம். தையல், டிபன், பியூட்டி பார்லர், பெட்டிக்கடை என்று உங்களிடம் எது இருந்தாலும் அது உதவும்.

ஏற்கெனவே இருக்கிற நம்பிக்கையில் தொடங்குங்கள்

மேகியின் அம்மா அடிமையாக இருந்து விடுபட்டவர். கணவர் இறந்தபின் துணி துவைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணிக்கூடையைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவது சிறுமி மேகியின் வேலை. வளர்ந்து ஆசிரியையானார். 1886-இல் கல்யாணம் ஆனதும், மணமான பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கக் கூடாது என்ற விதியால் அந்த வேலை போனது.

ஆனால் பதின்ம வயதிலேயே அவர் செயின்ட் லூக் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். 1867-இல் பால்டிமோரில் மேரி ப்ரவுட் என்ற கறுப்பினப் பெண் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர்கள் சிறு தொகை சந்தா கட்டுவார்கள். நோய் வந்தால் கொஞ்சம் பணம் கிடைக்கும், இறந்தால் அடக்கச் செலவை சங்கம் பார்த்துக்கொள்ளும். 1899-இல் மேகி அதன் செயலர் பொறுப்பை ஏற்றபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடன் 400 டாலர். முன்னவர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்துக்கு அவர் வேலையை எடுத்துக்கொண்டார்.

வங்கிக்காரி என்ற முறையில் அந்த இருப்பைப் பார்த்தால் சங்கத்தை மூடிவிடலாம் என்றுதான் தோன்றும். மேகி கண்டது வேறு. கஜானாவில் பணம் இல்லாவிட்டாலும், மாதாமாதம் காசு கட்டுகிற பழக்கமும், கட்டினால் நல்லது கெட்டதுக்குக் கைகொடுப்பார்கள் என்ற நம்பிக்கையும் பல ஊர்களில் இருந்தன. அதன்மேல்தான் அவர் மற்றதையெல்லாம் கட்டினார்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியில் யார் யாரிடம் பெண்கள் காசைக் கொடுத்து வைக்கிறார்கள் என்று எழுதுங்கள். கோயில் கமிட்டியாக இருக்கலாம், சர்ச் பெண்கள் சங்கமாக இருக்கலாம், தெருமுனை அக்கா ஒருவராகவும் இருக்கலாம். எந்தச் செலவுக்கு எல்லாரும் சேர்ந்து பணம் போடுகிறார்கள் என்று அடுத்து எழுதுங்கள். சாவுக்கா, பிரசவத்துக்கா, பள்ளிக் கட்டணத்துக்கா? கடைசியாக, உங்கள் பகுதி மக்கள் வெளியே கொண்டு போய்க் கொட்டுகிற காசு எது என்று பாருங்கள். வட்டி, மருந்து, துணி, அலங்காரம் என்று ஏதோ ஒன்று இருக்கும். இந்த மூன்றும் சந்திக்கிற இடத்தில் உங்கள் தொழிலை வையுங்கள். புதிதாக நம்பிக்கையை உண்டாக்கி அதன்பின் தொழில் செய்வதற்கு ஆயுசு போதாது.

இன்னொன்று, வரிசை. 1901-இல் சங்கக் கூட்டத்தில் மேகி தன் திட்டத்தைச் சொன்னார். சங்கத்துக்கு ஒரு பத்திரிகை வேண்டும், சேமிப்பு வங்கி வேண்டும், கடை வேண்டும். 1902-இல் ‘செயின்ட் லூக் ஹெரால்டு’ வந்தது. 1903-இல் வங்கி, 1905-இல் கடை. பேச்சு முதலில், பணம் அடுத்து, சரக்கு கடைசியில். நம்மில் பலர் சரக்கை வாங்கி அடுக்கிவிட்டு ஆளைத் தேடுகிறோம். ஒரு வாட்ஸ்அப் குழுவோ, மாதம் ஒரு கூட்டமோ, கதவில் ஒட்டும் ஒரு பக்கத் தகவலோ, எதுவானாலும் சரி, ஆறு மாதம் முன்னாலேயே ஓடட்டும். அதில் உங்கள் கடை விளம்பரத்தைவிட அக்கம்பக்கத்துச் செய்தி அதிகம் இருக்கட்டும்.

சில்லறையோடு வருகிறவளை எழுந்து வரவேற்பது

1903 நவம்பர் 2-ஆம் தேதி செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறந்தது. முதல் நாளே நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பணம் போட்டார்கள். அதில் ஒருவர் போட்டது 31 சென்ட். அந்த 31 சென்ட்டையும் வாங்கிக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வங்கியின் பெயரிலேயே பென்னி என்று வைத்ததற்கு அர்த்தம் இருந்தது. குழந்தைகளுக்குச் சின்ன அட்டை உண்டியல்கள் கொடுத்தார்கள். ஒரு டாலர் சேர்ந்ததும் அதைக் கொண்டுவந்து தன் பெயரிலேயே கணக்கு தொடங்கிக்கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், சின்னத் தொகையோடு கவுன்ட்டருக்கு வரும் பெண்ணை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே வந்ததும் சுவரோரம் நிற்பாள். செக் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் வழிவிடுவாள். கூட்டம் குறைந்ததும் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். நாலாக மடித்து மடித்து ஈரமாகிப்போன பத்து ரூபாய் நோட்டுகள், அப்புறம் நாணயங்கள். அவள் கண் என் கையிலேயே இருக்கும். அந்த நேரத்தில் கேஷியர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். சிறுவாட்டுப் பணம் மறுபடி அரிசிப் பானைக்குள் போய்விடும்.

அதனால் உங்கள் தொழிலில் மிகச் சிறிய தொகைக்கும் ஒரு இடம் வையுங்கள். டிபன் கடை என்றால் ஒற்றை இட்லி கேட்பவருக்கும் இலை போடுங்கள். தையல் என்றால் கிழிசல் தைக்க ஒரு விலையை எழுதி மாட்டுங்கள், சும்மா தைத்துக் கொடுக்காதீர்கள். சும்மா கொடுத்தால் அவள் அடுத்த முறை வரத் தயங்குவாள். காசு வாங்கினால் அவள் முன்னாலேயே எண்ணி, அவள் பார்க்கவே எழுதி, அவள் கையில் ஒரு சீட்டைக் கொடுங்கள். பெரிய வாடிக்கையாளர் பின்னால் வந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள்.

அந்தச் சில்லறை என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சலவைக்காரிகளும் சமையற்காரிகளும் போட்ட பணம், அதே தெருக்களில் வீடு வாங்குகிறவர்களுக்குக் கடனாகப் போனது. 1920 வாக்கில் அந்த வங்கியின் உதவியால் 600-க்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் வீட்டுக் கடனை முழுக்கக் கட்டி முடித்திருந்தன. கறுப்பினப் பெண்களுக்கு வீட்டு வேலை, சலவை, புகையிலைத் தொழிற்சாலை தவிர வேறு வேலை கிடைப்பது அபூர்வமாக இருந்த ஊரில், வங்கியிலும் சங்க அலுவலகத்திலும் அச்சகத்திலும் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதினார்கள்.

உங்கள் வருமானத்தை யாரால் நிறுத்த முடியும்?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தெற்குக் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டி ஜான்ஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1950-களில் அங்கே கறுப்பர் ஓட்டுரிமை பெற வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை. எழுத்தறிவு வகுப்பு நடத்தலாம் என்று திட்டமிட்டார்கள். யாரை டீச்சராகப் போடுவது? செப்டிமா கிளார்க் என்ற அனுபவமுள்ள ஆசிரியை அந்தத் திட்டத்தில் இருந்தார். ஆனால் கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த காரணத்துக்காக 1956-இல் அவருடைய வேலையைப் பறித்திருந்தார்கள். அரசுச் சம்பளம் வாங்கும் எந்த ஆசிரியருக்கும் இதே கதிதான் வரும். அதனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சனை. அவர் அழகுநிலையம் நடத்தியவர், துணியும் தைப்பார்.

காரணம் எளிது. அவருடைய வாடிக்கையாளர் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். சாமான் விற்பவர்களும் பெரும்பாலும் கறுப்பர்களே. அவரை வேலையை விட்டு நீக்க எந்த முதலாளியும் இல்லை. தெற்கு மாநிலங்கள் பூராவும் அழகுநிலையங்கள் உரிமைப் போராட்டத்துக்குக் கூடாரமாக இருந்ததற்கு இதுதான் காரணம். தலை உலர்கிற வரை உட்கார்ந்தே ஆகவேண்டும், வெள்ளைக்காரர் யாரும் உள்ளே வரமாட்டார்கள், மேசைமேல் எந்தத் துண்டறிக்கையும் கிடக்கலாம்.

1957 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. தீவுக்காரர்கள் கூட்டாக வாங்கிய கட்டடம் அது. முன்பக்கம் மளிகைக் கடை நடந்தது, பின்கட்டில் வகுப்பு. தெருவில் போகிறவருக்கு முன்னால் உள்ள அரிசியும் சோப்பும்தான் தெரியும். வந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த பெரியவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள். ராபின்சன் சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக் கொண்டுபோயிருந்தார். அது பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று முதல் நாளே தெரிந்தது. புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும் என்றார்கள். பைபிள் படிக்க வேண்டும், தபாலில் சாமான் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அதிலிருந்தே பாடத்தை அமைத்தார். ஒவ்வொருவருடைய பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்து, கைக்குப் படியும்வரை அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார். அந்தப் பின்கட்டு வகுப்பு பிறகு தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள இரண்டு வேலை உண்டு. ஒன்று, நான் ஊருக்காகக் குரல் கொடுத்தால் யாரால் என் வருமானத்தை நிறுத்த முடியும் என்று எழுதிப் பாருங்கள். கட்டடச் சொந்தக்காரர், சரக்கு தருபவர், பாதி ஆர்டரை ஒருவரே தருகிற பெரிய வாடிக்கையாளர் என்று பெயர்கள் வரும். எந்த ஒரு கையிலும் உங்கள் வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்க வேண்டாம் என்பது என் கணக்கு. ஐம்பது சின்ன வாடிக்கையாளர் ஒரு கம்பெனி ஆர்டரைவிட மெதுவாகத்தான் பணம் தருவார்கள். ஆனால் ஐம்பது பேரும் சேர்ந்து ஒரே நாளில் உங்களைக் கைவிட மாட்டார்கள். இரண்டாவது, ஊருக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள். நீங்கள் கொண்டுபோன புத்தகம் அவர்களுக்கு வேண்டாமல் இருக்கலாம்.

கணக்கு எல்லாருக்கும், பெயர் ஒருவருக்கு மட்டும்

அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் ஜார்ஜியா கில்மோர் சமையல் வேலை பார்த்தவர், பிரசவமும் பார்ப்பார். பஸ்ஸில் கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து 1955 டிசம்பரில் அங்கே பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள் நடந்தது. அத்தனை நாளும் ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்குக் கொண்டுபோய்விடக் கார்கள் ஓட வேண்டும். பெட்ரோல், டயர், ரிப்பேர் என்று செலவு கொட்டியது.

கில்மோர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பவுண்ட் கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம், பொரித்த கோழி வைத்த சாண்ட்விச் செய்து விற்றார். அழகுநிலையம், டாக்ஸி நிறுத்தம், சர்ச், வீட்டு வாசல் என்று எங்கும் விற்றார்கள். வாங்கியவர்களில் வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். சமைத்த பெண்களில் பலர் வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரிகள். பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். அதனால் குழுவுக்கு எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் ஆகாது. யார் சமைத்தார், யார் வாங்கினார் என்பது கில்மோருக்கு மட்டும் தெரியும். ஆனால் பணத்தை அவர் மறைக்கவில்லை. கூட்டம் நிறைந்த சர்ச்சில் எல்லார் முன்னாலும் நடந்து போய்க் கொடுப்பார், தொகையை அறிவிப்பார்கள், சபை ஆர்ப்பரிக்கும். நகரின் இன்னொரு பகுதியில் இனெஸ் ரிக்ஸ் என்ற பெண்மணி ஒரு குழு தொடங்கினார். இந்த வாரம் யார் அதிகம் கொண்டுவருவது என்று இரண்டு குழுவுக்கும் போட்டி. வசூல் ஏறியது.

இந்த முறையை அப்படியே பின்பற்றுங்கள். தொழில் பணம் ஒரு கணக்கு, ஊர்ப் பணம் வேறு கணக்கு. ஊர்ப் பணத்தின் மொத்தத்தை மாதாமாதம் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் எழுதுங்கள். கொடுத்தவர், வாங்கியவர் பெயரை எழுதாதீர்கள். உதவி பெற்ற பெண்ணை நிற்க வைத்துப் போட்டோ எடுத்துப் போடுகிற வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அவள் பிள்ளைகள் அதே தெருவில் வளர வேண்டும். பெயர் தெரிந்த ஒருவர் இருக்கட்டும், தொகையைச் சரிபார்க்க இன்னொருவர் இருக்கட்டும். விற்கும் பொருளும் நல்ல பொருளாக இருக்க வேண்டும். நல்ல காரியத்துக்காக என்று சொல்லி ஒருமுறை சுமாரான கேக்கை விற்கலாம், ஒரு வருஷத்துக்கும் மேலே விற்க முடியாது.

புறக்கணிப்பை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங் மீது 1956-இல் நடந்த வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார். பஸ் டிரைவர் தன்னிடம் காசை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக ஏறு என்று இறக்கிவிட்டு, ஏறுவதற்குள் வண்டியை எடுத்துப் போனதைச் சொன்னார். வேலை போனது. கிங் ஊக்கமும் உதவியும் கொடுக்க, வீட்டுச் சமையலறையிலேயே சாப்பாட்டுக் கடை தொடங்கினார். தலைவர்களும் கூலிக்காரர்களும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கடை தோற்ற கதையும் தெரிந்திருக்கட்டும்

1905-இல் ரிச்மண்டின் பெரிய கடைவீதியான பிராட் தெருவில் மேகியின் சங்கம் செயின்ட் லூக் எம்போரியம் என்ற துணிமணிக் கடையைத் திறந்தது. கறுப்பினப் பெண்கள் முன்வாசல் வழியாக வந்து, மரியாதையாக விற்கப்படும் பொருளை வாங்க ஓர் இடம். விற்பனையாளரும் கறுப்பினப் பெண்களே. வெள்ளை வியாபாரிகள் கடையைத் தொடங்காமல் இருந்தால் 10,000 டாலர் ரொக்கம் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. பிறகு அவர்கள் ஒன்றுசேர்ந்து, ரிச்மண்டிலும் நியூயார்க்கிலும் இருந்த மொத்த வியாபாரிகளிடம், அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுத்தால் எங்கள் ஆர்டர் உங்களுக்குக் கிடையாது என்று சொன்னார்கள். அதோடு, சொந்த மக்களிலும் பலர் வழக்கமான கடைகளுக்கே போனார்கள். 1906-இல் மேகி ஆண்களை மட்டும் கூட்டி வைத்து, இந்தக் கடையை ஆதரிப்பது உங்கள் பெண்களைக் காப்பாற்றுவதாகும் என்று மன்றாடிப் பேசினார். 1912-இல் கடை மூடப்பட்டது.

கடை போனாலும் வங்கி நிலைத்து நின்றது. 1930-களின் பெருமந்தத்தில் எத்தனையோ வங்கிகள் கவிழ்ந்தபோது, ரிச்மண்டின் மற்றக் கறுப்பர் வங்கிகளோடு இணைந்து அது பிழைத்துக்கொண்டது. சேமிப்புப் பணத்தின் விதி வேறு, சரக்குக் கடையின் விதி வேறு என்பதை மனதில் வையுங்கள். அடுத்தவர் சேமிப்பை எடுத்து உங்கள் கடைக்குச் சரக்கு வாங்காதீர்கள், ஒரு வாரத்துக்குக் கூட. கடை திறக்குமுன் ஒவ்வொரு முக்கியச் சரக்குக்கும் இரண்டு இடம் பார்த்து வையுங்கள், இரண்டும் ஒரே மொத்த வியாபாரியிடம் போய்ச் சேராதபடி. நம்ம ஆள் கடை என்பதற்காக வருவார்கள் என்று விலையையும் ரகத்தையும் விட்டுவிடாதீர்கள். மேகி போன்ற ஒருவர் கெஞ்சியே வராதவர்கள் உங்கள் முகத்துக்காக வரமாட்டார்கள்.

முதல் போடப் பணம்

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடம் எசுசு என்ற பழக்கம் உண்டு. அடிமைக் கப்பல்களோடு அது கரீபியன் தீவுகளுக்குப் போய் டிரினிடாடில் சூசூ ஆனது, ஜமைக்காவில் பார்ட்னர் ஆனது. அங்கிருந்து குடிபெயர்ந்த பெண்கள் நியூயார்க்கின் புரூக்ளினிலும் லண்டனிலும் இதை வைத்தே வீடும் கடையும் வாங்கினார்கள். நம் குலுக்கல் சீட்டு மாதிரிதான். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ஒவ்வொரு முறையும் ஒருவர் முழுத் தொகையை எடுப்பார். தள்ளி எடுக்கும் ஏலம் கிடையாது, வட்டி கிடையாது. யாருக்கு முதலில் தேவை என்று நடத்துகிற பெண்ணுக்குத் தெரியும், அவர்தான் முறை வைப்பார்.

இதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதானால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். புதிதாகச் சேர்பவருக்குக் கடைசி முறை. ஒருவர் கட்டத் தவறினால் அவரை அழைத்து வந்தவர் கட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எடுத்தவர் என்ன வாங்கினார் என்று அடுத்த கூட்டத்தில் காட்டட்டும், தையல் மிஷினோ கிரைண்டரோ. இந்தியாவில் இருப்பவர்கள் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாமல் சீட்டு நடத்தினால் வழக்கு வரலாம். மகளிர் குழுவாகப் பதிந்து சேமித்துக் கடன் கொடுப்பது பத்திரமான வழி. யாராவது புதுப் புது ஆட்களைச் சேர்த்தால்தான் பணம் வரும் என்று சொல்லிச் சூசூ நடத்தினால் கிட்டவே போகாதீர்கள், அது ஏமாற்று.

மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் செய்தது இன்னொரு வகை. ஓட்டுரிமை கேட்டதற்காகத் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டவர் அவர். நீக்ரோ பெண்கள் தேசியக் கவுன்சிலின் உதவியோடு பன்றி வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஏழைக் குடும்பத்துக்குச் சினைப் பன்றி ஒன்று கொடுப்பார்கள். குட்டிகளைக் குடும்பம் வைத்துக்கொள்ளும், வங்கிக்குத் திருப்பித் தர வேண்டியதைத் தந்ததும் அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். 1969-இல் அதோடு சேர்த்து ஒரு கூட்டுறவுப் பண்ணையும் தொடங்கினார். பணத்துக்குப் பதில் பெருகும் பொருளைச் சுற்றுக்கு விடுவது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆனால் பண்ணைக்கான நிலத்தவணை பெரும்பாலும் வெளியூர் நன்கொடையை நம்பியிருந்தது. அது வற்றியதும், விளைச்சலும் ஹேமரின் உடல்நிலையும் சரிந்ததும், 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. நன்கொடையை மிஷின் வாங்கவும் கூரை போடவும் பயன்படுத்துங்கள். வாடகையும் தவணையும் விற்பனையிலிருந்து வர வேண்டும்.

இப்போதும் பணம் கிடைப்பது சுலபமில்லை. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் நடத்திய ஃபியர்லெஸ் ஃபண்ட், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. அதை எதிர்த்து 2023-இல் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது, செப்டம்பரில் அந்த மானியத் திட்டமே முடிந்தது. வழக்குக்குப் பயன்படுத்தியது, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களைக் காக்க 1866-இல் வந்த உரிமைச் சட்டம். படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு பணத்தை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பரிசு, இடம், அடுத்த ஆள்

மேடம் சி. ஜே. வாக்கர் தலைமுடிப் பொருள் விற்றுப் பெரும் செல்வர் ஆனவர். அவரும் முதலில் துணி துவைத்தவர். 1917-இல் பிலடெல்பியாவில் தன் விற்பனைப் பெண்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். 200-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார், தத்தம் ஊரில் அதிகம் தருமம் செய்த கிளைகளுக்கும் பரிசு கொடுத்தார். மாநாட்டின் முடிவில், கறுப்பர் மீதான கும்பல் வன்முறையைக் கண்டித்து ஜனாதிபதிக்குத் தந்தி அனுப்பினார்கள். உங்களிடம் வேலை செய்பவர் நாலு பேரானாலும் தீபாவளி போனஸில் ஒரு பகுதியை அக்கம்பக்கத்துக்குச் செய்த வேலைக்கென்று வையுங்கள். எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதுதான் நடக்கும்.

இடம் இருந்தால் திறந்து விடுங்கள். நியூ ஆர்லியன்ஸில் டூக்கி சேஸ் உணவகம், வங்கிக்குள் நுழைய முடியாத கறுப்பினத் தொழிலாளிகளின் சம்பளச் செக்கை வாங்கிப் பணம் கொடுத்தது. லியா சேஸ் சமைத்த காலத்தில் அதன் மாடியில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டபடி போராட்டத்தைத் திட்டமிட்டார்கள். அப்படி ஒன்றாக உட்கார்வதே அப்போது சட்டவிரோதம். உங்களுக்கு மாடி வேண்டாம். மதியம் கடை ஓய்ந்திருக்கும் இரண்டு மணி நேரம் பெஞ்சும் மின்விசிறியும் போதும். எந்தக் கிழமை யாருக்கு என்று பலகையில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவர்களே தினமும் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம், உங்களுக்கு அடுத்த ஆள். இதைத் தள்ளிப் போடாதவர்களை நான் பார்த்ததே குறைவு. மகளிர் குழுக்களில் தலைவி படுத்துவிட்டால் பாஸ்புத்தகம் எங்கே என்று தேடுகிற நிலை வரும். மேகி சிறுவர்களுக்கென்று தனிப் பிரிவை 1895-இலேயே தொடங்கி, கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பழக்கினார். நீங்கள் கடை திறந்த முதல் வருஷத்திலேயே மாதத்தில் ஒரு வாரம் இன்னொரு பெண்ணிடம் கல்லாவைக் கொடுத்துப் பழக்குங்கள், அந்த வாரம் நீங்கள் கடைப்பக்கம் போகாதீர்கள். சாவி, கணக்கு நோட்டு, சரக்கு தருபவர்களின் போன் எண், ஊர்ப் பணத்தின் வங்கிக் கணக்கு, எல்லாம் இரண்டு பேரிடம் இருக்கட்டும். அந்த இரண்டாவது ஆள் உங்கள் வீட்டைச் சேர்ந்தவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் மாற்றப் போனால் அவர் உங்களைச் சந்தேகிக்கிறார் என்றோ நீங்கள் அவரைச் சந்தேகிக்கிறீர்கள் என்றோ பேச்சு வரும்.